கட்டக்குறி வந்தது, கணக்கு யார் கையில்?

முழுநிலா நாளில் திருவண்ணாமலையை வலம் வருவார் எவரும் இற்றை நாளில் ஒரு பொருளைக் காணாமல் ஊர் திரும்புதல் இயலாது. 14 கி.மீ. நீளும் வலப்பாதையில், எண்டிசை இலிங்கக் கோயில்களின் வாயில்களிலும், அடியண்ணாமலைத் தெருவிலும், செங்கம் சாலையின் ஓரங்களிலும் விரிக்கப்பெற்ற சிறு கடைகளில், பூக்கூடைக்கும் வெள்ளரிப் பிஞ்சுக்கும் சுக்குக் குளம்பிக்கும் நடுவே ஓர் அட்டை நிற்கின்றது. அதன்கண் கறுப்பும் வெள்ளையுமாய்ச் சிறுசிறு கட்டங்கள். வாங்குவோர் தம் கைப்பேசியை அதன்முன் காட்டுகின்றனர்; தொகையைக் குறிக்கின்றனர்; மறையெண்ணைத் தட்டுகின்றனர். சில நொடிகளில், கடைக்காரர் அருகிலிருக்கும் சிறு பெட்டி, இத்துணை உருபா வந்தது என்று வாய்திறந்து சொல்கின்றது. கைக்குக் கை காசு மாறாமலே வாணிகம் முடிந்துவிடுகின்றது.

பெருநகரத்துப் பளிங்குக் கடைகளோடு இது நின்றிருப்பின் நாம் இவ்வாசிரியவுரையை எழுதப் புகுந்திருக்க மாட்டோம். பெருவணிகர் எக்கருவியை எடுத்தாலும் அதற்குரிய கணக்கரும் வழக்கறிஞரும் அவர்பால் உளர். இங்கோ, விடியற்காலையில் பூச்சந்தையில் கடனுக்குப் பூ வாங்கி, இரவு முழுதும் தொடுத்து விற்று, மறுநாள் கடனடைக்கும் ஒரு தாயின் கைக்கு இக்கருவி வந்துவிட்டது. சவ்வாது மலையிலிருந்து தேனும் சாமையும் கடுக்காயும் கொண்டிறங்கும் மலைவாழ் மக்களும், ஆரணிப் பட்டு நெய்வோரும், தேரடித் தெருவில் பித்தளைப் பொருள் விற்போரும் இவ்வட்டையின் பின்னே அமர்ந்துள்ளனர். நாடு முழுதும் இதே நிலைதான். 2025 ஆகத்துத் திங்களில் மட்டும் 2,000 கோடி முறைக்கு மேல் இவ்வழியாகப் பணம் கை மாறிற்று. எனவே இதனைப் பற்றித் தமிழுணர்வுடையார் ஒரு கருத்துக் கொள்ளாதிருத்தல் பொருந்தாது.

இது வந்த வழியை முதற்கண் சுருங்கச் சொல்வோம். வங்கிகள் கூடி 2008-இல் அமைத்த என்.பி.சி.ஐ. என்னும் பணக்கொடுப்புக் கழகம், ஒரு வங்கிக் கணக்கிலிருந்து வேறெந்த வங்கிக் கணக்கிற்கும் நொடியில் பணம் செல்லும் பொதுப் பாதை ஒன்றை வகுத்தது. யு.பி.ஐ. என்பது அப்பாதையின் பெயர். 2016 ஏப்பிரல் 11-ஆம் நாள், அன்றைய ரிசர்வ் வங்கி ஆளுநர் இரகுராம் இராசன் அதனைத் தொடங்கி வைத்தார். அவ்வாண்டு நவம்பர் 8-ஆம் நாள் இரவில் 500, 1,000 உருபாத் தாள்கள் செல்லா என அறிவிக்கப்பெற்றது. புழக்கத்திலிருந்த பணமதிப்பில் ஏறத்தாழ 86 விழுக்காடு ஒரே இரவில் வெறுந்தாளாயிற்று. அன்று சிறு வணிகர் பட்ட பாட்டை ஈண்டு விரிக்கப் புகின் அது தனியொரு கட்டுரையாகும். பசித்தவன் கிடைத்ததை உண்பது போல, தாளின்றித் தவித்த கடைக்காரர் அட்டையை ஏற்றனர். பின்னர் 2020 சனவரி முதல் இவ்வழிப் பணம் பெறும் வணிகரிடம் வங்கிகள் கட்டணம் பெறலாகாது என ஆயிற்று. அதே ஆண்டில் கொள்ளைநோய் வந்தது. தொட்டுக் கொடுக்கும் காசை மக்கள் அஞ்சினர். இம்மூன்றும் சேர்ந்தே அட்டையை நடைபாதை வரைக்கும் கொண்டுவந்தன.

நம் தோழர் சிலர், 'இஃது அயலார் சூழ்ச்சி; தமிழ் வணிகர் இதனைத் தொடுதலே தகாது' என்று எழுதியும் பேசியும் வருகின்றனர். அவர்தம் உணர்வை மதிக்கின்றோம், முடிவை ஏற்கவில்லை. முழுநிலா இரவில் ஆந்திரம், தெலங்கானம், கருநாடகம் ஆகிய நாடுகளிலிருந்தும் மக்கள் திரள்திரளாய் வருகின்றனர். 500 உருபாத் தாளை நீட்டி 20 உருபாவிற்குப் பூக் கேட்பார்க்குச் சில்லறை தரவியலாமல் இழந்த வாணிகம் எவ்வளவு என்பதை அக்கடைக்காரரைக் கேட்டால் தெரியும். விற்ற பணத்தை மடியில் முடிந்துகொண்டு நள்ளிரவில் வீடு திரும்பும் பெண்டிர்க்கு, பணம் வங்கியில் இருக்கின்றது என்பதே ஒரு காப்பு. இன்னொன்றும் உண்டு. காலையில் 900 கொடுத்து மாலையில் 1,000 பெறும் கந்துவட்டிக்காரன் இவர்தம் வாழ்வை உறிஞ்சியதற்கு ஒரு கரணியம், இவர்க்கு வரவு உண்டென்று காட்ட ஒரு தாளும் இல்லாமையே. 2020 சூன் திங்களில் நடுவணரசு தொடங்கிய தெருவணிகர் கடன் திட்டத்தில் முதற்கண் 10,000, அதனை அடைத்தார்க்கு 20,000, பின்னர் 50,000 என ஈடின்றிக் கடன் தரப்பெற்றது. 2025-இல் முதலிரு தொகைகளும் 15,000, 25,000 என உயர்த்தப்பெற்றன. கட்டக்குறிவழிப் பணம் பெறுவார்க்கு ஊக்கத்தொகையும் அதில் உண்டு. ஆகவே கருவியை வெறுத்தொதுக்குதல் ஏழை வணிகரைக் கந்துவட்டிக்காரனிடமே திருப்பியனுப்புவதாக முடியும்.

நாம் எழுப்பும் வினா வேறு. பணம் எவ்வழியாக வந்தாலும் வணிகத்தின் உயிர் கணக்கிலே உள்ளது. பற்று எவ்வளவு, வரவு எவ்வளவு, இருப்பு எவ்வளவு என்று அறிந்தவனே கடைக்கு உரியவன். அறியாதவன் தன் கடையிலேயே கூலியாள். அக்கணக்கு இன்று எம்மொழியில் இருக்கின்றது? யார் கையில் இருக்கின்றது?

பூக்காரத் தாயின் அட்டையைப் பாருங்கள். அவர் பெயர் ஆங்கில எழுத்தில். பணம் வந்தது என வங்கி விடுக்கும் குறுஞ்செய்தி பெரும்பாலும் ஆங்கிலத்தில். கணக்கில் குறைந்தபட்ச இருப்பு இல்லையெனப் பிடித்தம் செய்தால் அச்செய்தியும் ஆங்கிலத்தில். ஒலிப்பெட்டியைக் கொண்டுவந்து வைக்கும் முகவர் அதன் மொழியை எதில் விட்டுச் சென்றாரோ அதிலேயே அது பேசிக்கொண்டிருக்கின்றது. தமிழில் பேச அதற்குத் தெரியும்; மாற்றிக்கொள்ளும் வழியும் செயலியிலேயே உண்டு; அதனைச் சொல்வார் இல்லை. எம்மிடம் பயிலும் மாணவருள் சிலர்க்கு மாலைதோறும் ஒரு வேலையுண்டு. தாயின் கைப்பேசியில் வந்த செய்திகளைப் படித்துப் பொருள் சொல்லல் அது. எட்டாம் வகுப்புச் சிறுவன் தன் ஆங்கில அறிவுக்கெட்டிய அளவில் குடும்பத்தின் வரவு செலவைக் கணித்துக் கூறுகின்றான். அவன் பிழைபடச் சொன்னால் தாய்க்குப் பிழை; சொல்லாது விட்டால் அவள் கண்ணிருந்தும் காணாள். தம் பணத்தின் செய்தியைத் தாமே படிக்கவியலாத நிலைக்குத் தள்ளப்பெற்ற இவர்கள் எழுத்தறியாதவர்கள் அல்லர் என்பதே கொடுமை. இவருட் பலர் தமிழ் நாளிதழைத் தடையின்றிப் படிப்பவர்கள்.

மொழியின் இடைவெளியிலேதான் கள்வன் நுழைகின்றான். 'உங்களுக்குப் பணம் அனுப்புகின்றேன். இக்கட்டத்தைக் காட்டி மறையெண்ணை இடுங்கள்' என்று சொல்லிப் பணம் பறித்த நிகழ்ச்சிகள் நாடெங்கும் உண்டு. பணம் பெறுவதற்கு மறையெண் ஒருபோதும் தேவையில்லை, கொடுப்பதற்கே தேவை. இவ்வொரு வரியைத் தமிழில் பெரிய எழுத்தில் ஒவ்வோர் அட்டையின் மீதும் அச்சிட்டிருந்தால் எத்துணைப் பேர் பிழைத்திருப்பர்! ஒருவர் மற்றொருவரிடம் பணங்கேட்டு விண்ணப்பம் அனுப்பும் முறையை 2025 அக்டோபர் முதல் பணக்கொடுப்புக் கழகம் நிறுத்திவிட்டது. நன்று. ஆயின் கடையின் அட்டைமேல் தன் அட்டையை ஒட்டிவிட்டுப் போகும் கள்வனும், பணம் சென்றதுபோற் பொய்த்திரை காட்டும் கள்வனும் இன்னும் உளர். அவர்களை வெல்லவே ஒலிப்பெட்டி வேண்டியுள்ளது; அதற்குப் பல நிறுவனங்கள் திங்கள் வாடகை பெறுகின்றன. காசு வாங்கக் கட்டணம் இல்லை என்றார்கள். காசு வந்ததா என்று தெரிந்துகொள்ளக் கட்டணம் உண்டு!

தமிழ் வணிக மொழியாகாது, அதில் கணக்கெழுத இயலாது என்று எண்ணுவார் வரலாறு அறியாதவர். அண்ணாமலையார் கோயிற் சுவர்களிலேயே சோழர் காலந்தொட்டுக் கல்வெட்டுகள் உள்ளன. கோயிற் கல்வெட்டுகள் பெரும்பாலும் கணக்குகளே. ஒரு நந்தா விளக்கிற்குத் தொண்ணூறு அல்லது தொண்ணூற்றாறு ஆடுகள் என்றும், அவற்றைப் பேணுவார் நாளும் அளக்கவேண்டிய நெய் இவ்வளவு என்றும், பொன் இத்துணைக் கழஞ்சு என்றும், நிலம் இத்துணை மா, காணி என்றும் தமிழ் அளவைகளால் வெட்டி வைத்தனர். கொடுத்தவர் யார், பெற்றவர் யார், தவறினால் பொறுப்பு யாருடையது என்பன யாவும் பொதுமக்கள் கண்ணெதிரே கற்சுவரில் இருந்தன. மறைவில் கணக்கு வைக்கும் வழக்கம் அன்றில்லை. காணி என்பது எண்பதில் ஒன்று. முந்திரி என்பது முந்நூற்றிருபதில் ஒன்று. கீழ்முந்திரி என அதற்கும் கீழே சென்று, அம்முந்திரியையே மீண்டும் முந்நூற்றிருபது கூறாக்கினர். திண்ணைப் பள்ளியில் எண்சுவடியை மனப்பாடமாய் ஒப்பித்த சிறுவன், அரைக்கால் வீசம் தவறாமல் வட்டி கணித்தான். அப்பின்னங்களுக்குரிய தமிழ்க் குறியீடுகள் 2019-இல் ஒருங்குகுறியின் 12-ஆம் பதிப்பில் இடம்பெற்றுவிட்டன. அதாவது, உலகக் கணிப்பொறிகள் முந்திரியை அறியும். அறியாதவர் நாமே. (எண்ணுருவைப் பற்றி இங்கு வழக்காடப் புகவில்லை. 1, 2, 3 என்பன உலகப் பொதுவாகிவிட்டன; இருந்துவிட்டுப் போகட்டும். எண்ணைச் சுற்றியுள்ள சொல்லைப் பற்றியே நம் வழக்கு.)

நாட்டெல்லையைக் கடந்து பார்ப்பினும் இதுவே உண்மை. சுமத்திராவின் பாரூசுக்கு அருகில் 1088-ஆம் ஆண்டுத் தமிழ்க் கல்வெட்டு ஐந்நூற்றுவர் என்னும் வணிகக் குழுவினரைக் குறிக்கின்றது. மரக்கலத்தார் செலுத்தவேண்டிய பொன்னைப் பற்றிப் பேசுகின்றது. தாய்லாந்தின் தக்குவாபாவில் மணிக்கிராமத்தார் பெயர் தமிழ்க் கல்லில் உள்ளது. சீனத்துச் சுவான்சௌ துறைமுகத்தில் 1281-ஆம் ஆண்டுத் தமிழ்க் கல்வெட்டு. இலங்கையின் காலித் துறையிலோ, சீனப் பேரரசன் பெயரால் 1409-இல் பொறிக்கப்பெற்ற கல்லில் சீனம், பாரசீகம், தமிழ் என மும்மொழிகள். அவன் தமிழ்ப்பற்றினால் அதனைச் செய்தானல்லன். கடல் வணிகத்தில் எதிர்ப்படுவார்க்கு விளங்கவேண்டுமாயின் தமிழ் வேண்டும் என்று அறிந்தே செய்தான். பிற்காலத்தில் நகரத்தார் பர்மாவிலும் மலையாவிலும் வங்கித்தொழில் நடத்தியபோது குறிப்பேடு, பேரேடு, ஐந்தொகை என யாவும் தமிழிலேயே இருந்தன. ஓர் ஊரில் பணம் கட்டி வேறோர் ஊரில் பெற்றுக்கொள்ளும் உண்டியல் முறையை அவர்கள் நன்கு கையாண்டனர். தொலைவிலிருந்து பணம் செலுத்தும் கலை தமிழ் வணிகர்க்குப் புதிதன்று. நொடியில் நிகழ்வதே புதிது.

கட்டக்குறியை ஆக்கியவர் வரலாற்றைச் சற்று நின்று நோக்குவது நலம். இன்று உலகெங்கும் கியூ.ஆர். என்னும் பெயரால் வழங்கும் இக்குறியை 1994-இல் சப்பானியத் தென்சோ நிறுவனத்தில் மசாகிரோ அராவும் அவர்தம் குழுவினரும் ஆக்கினர். மகிழுந்து உறுப்புகளைக் கணக்கிட்டு அடையாளங்காணவே முதலில் அது பயன்பட்டது. அதற்கு முன்னிருந்த கோட்டுக்குறியில் இருபது எழுத்தளவே அடங்கும். அவையும் உரோம எழுத்தும் எண்ணுமே. சப்பானியர் என்ன செய்தனர்? ஏறத்தாழ 7,000 எண்கள் அடங்கும் கட்டத்தை வரைந்ததோடு, தாம் வழங்கும் சீனவழி எழுத்துகள் 1,800-க்கு மேல் அதனுள் சிக்கனமாய் அடங்குதற்கெனத் தனி வழியொன்றையும் அதிலேயே அமைத்துக்கொண்டனர். தொழிற்சாலைப் பெட்டியின்மேல் ஒட்டும் ஒரு சிறு தாளிலும் தம் எழுத்துக்கு இடமின்றி அவர்கள் நிறைவு கொள்ளவில்லை. ஆங்கிலம் போதுமே என்று அங்கு எவனும் முணுமுணுக்கவில்லை. ஒருங்குகுறி வந்தபின் இக்கட்டத்துள் தமிழெழுத்தும் தடையின்றி அடங்கும். அடங்கும் இடத்தை நாம் நிரப்பாதிருக்கின்றோம், அவ்வளவே. கீழை ஆப்பிரிக்கக் கென்யாவில் 2007-இல் தொடங்கிய கைப்பேசிப் பணமுறைக்கு எம்-பேசா என்று பெயர். பேசா என்பது அவர்தம் சுவாகிலி மொழியில் பணத்தைக் குறிக்கும். பெயரிலேயே தம் மொழியை வைத்த அவ்வேழை நாட்டின் செயலையும் எண்ணிப் பார்த்தல் வேண்டும்.

இங்கே நடந்தது என்ன? எழுத்தைத் தட்டாமல் வாய்ச்சொல்லாலேயே பணம் செலுத்தும் ஓர் ஏந்தினை 2023 செப்தம்பரில் பணக்கொடுப்புக் கழகம் அறிவித்தது. எழுதப்படிக்கத் தயங்குவார்க்கு இதனினும் பெரிய உதவி வேறில்லை. அதற்கான மொழியறிவுப் பொறியை ஆக்கும் பணியில் சென்னைத் தொழில்நுட்பக் கழகத்தின் ஆய்வுப் பிரிவொன்றும் சேர்ந்தது. சென்னையில்! ஆயினும் முதற்கண் வந்த மொழிகள் இரண்டே: இந்தியும் ஆங்கிலமும். பிற மொழிகள் பின்னர் வரும் என்றனர். தமிழ் மண்ணிலிருந்து அறிவைப் பெற்று, தமிழைப் பின்வரிசையில் நிற்க வைக்கும் இப்பழக்கத்திற்கு என்று முடிவு? நேர்மையாகச் சொல்லவேண்டியதும் ஒன்றுண்டு. தனியார் செயலிகளில் தமிழ் இருக்கின்றது. கூகுள் நிறுவனம் 2017-இல் தன் செயலியை வெளியிட்ட நாளிலேயே தமிழும் அதில் இருந்தது. அத்தமிழ் எத்தகையது என்பது வேறு. ஆங்கிலத் தொடரைச் சொல்லுக்குச் சொல் பெயர்த்து, எழுவாயைத் தேடவைக்கும் தமிழ் அது. எனினும் இருப்பதைத் திறந்துகூடப் பாராமல் ஆங்கிலத்திலேயே வைத்துக்கொண்டிருப்பார், கற்ற நம்மவரே. வணிகரைக் குறைசொல்லுமுன் தமிழாசிரியர் தத்தம் கைப்பேசியைத் திறந்து பார்ப்பாராக.

வங்கிகளைப் பொறுத்தவரை நமக்குப் புதுச்சட்டமும் தேவையில்லை. வங்கிக் கிளைகளின் அறிவிப்புப் பலகைகளும், கணக்குத் தொடங்கும் படிவம், பணங்கட்டும் சீட்டு, கணக்குப் புத்தகம் முதலியனவும் அவ்வம் மாநில மொழியிலும் கிடைத்தல் வேண்டுமென ரிசர்வ் வங்கி ஏற்கெனவே நெறி வகுத்துள்ளது. தாளில் வேண்டும் எனப்பட்ட மொழி, தாள் கைப்பேசித் திரையாக மாறியதும் உதிர்ந்துவிட்டது. படிவத்தில் தமிழைக் கேட்டுப் போராடினோம். பெயர்ப்பலகையில் தமிழைக் கேட்டுப் போராடினோம். அவையிரண்டும் மெல்ல வழக்கொழியும் நேரத்தில், வணிகர் நாள்தோறும் நூறுமுறை பார்க்கும் குறுஞ்செய்தியைப் பற்றி நாம் வாளாவிருக்கின்றோம்.

மொழியிலே தொடங்கிய இச்சிக்கல் மொழியோடு நிற்பதில்லை என்பதைக் கருநாடகம் காட்டிற்று. 2025 சூலைத் திங்களில் அம்மாநில வணிகவரித் துறையினர், நான்காண்டுகளாகக் கட்டக்குறிவழி வந்த தொகைகளைக் கொண்டு, ஆயிரக்கணக்கான சிறு கடைக்காரர்க்கு அறிவிப்பு விடுத்தனர். மக்கள் வாயில் சி.எசு.டி. என வழங்கும் சரக்கு–பணி வரியில், சரக்கு விற்போர் ஆண்டு விற்பனை 40 இலக்க உருபாவையும், பணி செய்வோர் வரவு 20 இலக்கத்தையும் கடந்தால் பதிவு செய்தல் வேண்டும் என்பது விதி. காய்கறி விற்கும் ஒருவர்க்கு நான்காண்டில் 1.63 கோடி வந்துளது எனக் கணித்து, 29 இலக்கம் கட்டுமாறு கேட்டனர். காய், கனி, பூ ஆகியவற்றிற்கு அவ்வரியே இல்லை! பெங்களூரில் கடைகடையாக அட்டைகள் கழற்றப்பெற்றன. 'காசு மட்டுமே' என்று எழுதி ஒட்டினர். பின்னர் முதலமைச்சர் தலையிட்டுப் பழைய நிலுவை பெறப்படமாட்டாது என்றார்.

அரசினரை மட்டும் பழித்துவிட்டு இதனைக் கடந்துசெல்லல் அறிவுடைமையன்று. அவ்வணிகர்பால் குறை என்ன? ஒரே கணக்கில் விற்பனைப் பணமும் வந்தது; மைத்துனன் திருப்பிக்கொடுத்த கடனும் வந்தது; சீட்டுப் பணமும் வந்தது; பக்கத்துக் கடைக்காரர்க்காக வாங்கிக் கொடுத்த தொகையும் வந்தது. வங்கிக்கு யாவும் வரவு. எது விற்பனை, எது விற்பனையன்று என்று காட்டத் தம் கையால் எழுதிய ஏடு பலரிடம் இல்லை. செயலி எழுதிக்கொள்ளும் என்று விட்டுவிட்டனர். செயலி எழுதியது, ஆனால் அது பிறர்க்காக எழுதியது. நாளொன்றுக்குச் சராசரி 11,000 உருபா கட்டக்குறிவழி வந்தாலே ஆண்டில் 40 இலக்கத்தைத் தாண்டும். கார்த்திகை விளக்கீட்டு நாள்களிலும் முழுநிலா நாள்களிலும் இவ்வூர் உணவுக் கடைகளுக்கு வருவது எவ்வளவு என்பதை அவர்களே அறிவர். கருநாடகத்தில் நிகழ்ந்தது தமிழ்நாட்டில் நிகழாது என்று எவர் ஈடு கொடுப்பார்?

கணக்கு முடக்கம் என்னும் மற்றோர் இடரும் உண்டு. எங்கோ ஒருவனிடம் ஏமாற்றிப் பறித்த பணம் பல கை மாறி, ஒரு தேநீர்க் கடையின் கணக்கில் 50 உருபாவாக வந்து விழும். பணத்தின் தடத்தைத் தொடரும் வேற்று மாநிலக் காவல்துறையினரின் ஆணையால் அக்கடைக்காரரின் முழுக் கணக்கும் முடங்கும். கேரளத்தில் 2023-இல் சிறு வணிகர் பலர் இவ்வாறு தவித்தனர். தேநீர் குடித்தவன் யார் என்று கடைக்காரர்க்கு எப்படித் தெரியும்? அவர்க்கு வரும் மறுமொழி ஆங்கிலத்தில்; எழுதவேண்டிய விண்ணப்பமும் ஆங்கிலத்தில்; செல்லவேண்டிய காவல்நிலையமோ ஆயிரங்கல் தொலைவில்.

2025 ஏப்பிரல் 12-ஆம் நாளையும் மறத்தலாகாது. அன்று பங்குனி முழுநிலா. அதே நாளில் நண்பகலையொட்டி நாடு முழுதும் இப்பணப்பாதை தடைப்பட்டுச் சில மணிநேரம் திணறிற்று. அனுப்பிய பணம் சென்றதா என்று வங்கிகள் ஓயாமல் மீண்டும் மீண்டும் கேட்டதால் நடுப்பொறி திணறியதாகப் பின்னர் கூறப்பெற்றது. வெயிலுக்கஞ்சி மக்கள் மாலையில் நடக்கும் பருவமாதலின் இவ்வூர் ஓரளவு தப்பிற்று. அத்தடை இரவு எட்டு மணிக்கு நேர்ந்திருப்பின்? கையில் காசின்றி வந்த பெருங்கூட்டம் ஒருபுறம். வாடும் பூவும் ஆறும் உணவும் வைத்துக்கொண்டு கடைக்காரர் மறுபுறம். ஆகையால், அட்டை இருக்கின்றதென்று சில்லறைப் பெட்டியை மூடிவிடற்க என்பதே வணிகர்க்கு நாம் கூறுவது.

பாதை பொதுவாயினும் அதில் ஓடும் வண்டிகள் யாருடையவை என்பதும் கருதத்தக்கது. அமெரிக்க வால்மார்ட்டு நிறுவனத்தின் பெரும்பங்குள்ள போன்பேயும், கூகுள் நிறுவனத்தின் செயலியுமே எண்ணிக்கையில் ஐந்தில் நான்கு பங்கிற்கு மேல் நடத்துகின்றன. எந்த ஒரு நிறுவனமும் 30 விழுக்காட்டைத் தாண்டலாகாது என 2020 நவம்பரில் பணக்கொடுப்புக் கழகம் விதித்தது. விதியை நடைமுறைப்படுத்தும் கெடு 2024 இறுதி வரை தள்ளிவைக்கப்பெற்றது. அக்கெடு வந்ததும் 2026 திசம்பர் வரை மீண்டும் தள்ளிவைக்கப்பெற்றது. ஓர் ஊரில் எவர் எந்நேரத்தில் என்ன விலைக்கு வாங்குகின்றார் என்பதை அவ்வூர் வணிகர் அறியுமுன் கடல் கடந்த இருவர் அறிவது எவ்வளவு பெரிய செல்வம்! கட்டணமின்றிக் கருவி தருவார் அறச்சாலை நடத்தவில்லை.

இனிச் செய்யத்தக்கவற்றைச் சொல்வோம். எல்லாவற்றுக்கும் அரசை நோக்கிக் கையேந்த வேண்டியதில்லை. வணிகர் கட்டக்குறிக்கென்று தனி வங்கிக் கணக்கு வைத்துக்கொள்க. வீட்டுப்பணமும் சீட்டுப்பணமும் அதில் கலவற்க. ஒவ்வோர் இரவும் கடை கட்டுமுன் ஒரு பேரேட்டில் கட்டக்குறிவழி வரவு, கைக்காசு வரவு, கொள்முதல், இருப்பு என நான்கு பத்தியில் தமிழில் எழுதுக. பத்து மணித்துளி போதும். வரித்துறையோ வங்கியோ வினவும் நாளில் அவ்வேடு பேசும். பணம் களவு போயின் காலந்தாழ்த்தாது 1930 என்னும் எண்ணுக்கு உரைத்தல் வேண்டும். முதல் சில மணிநேரத்தில் சொன்னாலன்றிப் பணம் மீளல் அரிது.

பள்ளிகளில் இதற்கு இடமுண்டு. மேல்வகுப்பு மாணவர்க்கு வங்கிக் குறுஞ்செய்தியைத் தமிழாக்கும் பயிற்சியைத் தமிழாசிரியரும், பேரேடு எழுதும் பயிற்சியைக் கணக்காசிரியரும் ஒருசேர அளித்தால், மாலைதோறும் தாய்க்குப் பொருள்கூறும் சிறுவன் பிழையறக் கூறுவான். இதனை எம் பள்ளியிலேயே தொடங்கவிருக்கின்றோம். வரவு வைக்கப்பட்டது, பிடித்தம் செய்யப்பட்டது, நிலுவை, மறையெண், முடக்கம் என ஏறத்தாழ ஐம்பது சொற்கள் தெரிந்தால் போதும். அவற்றை ஒரு தாளில் அச்சிட்டுக் கடைகளில் ஒட்டலாம்.

கூட்டாகக் கேட்கவேண்டியன இரண்டு. குறுஞ்செய்தியும் முடக்க அறிவிப்பும் தமிழில் வருதல் வேண்டும் என்பது ஒன்று. பணம் பெற மறையெண் தேவையில்லை என்னும் எச்சரிக்கையும், கடையின் பெயரும் தமிழில் அச்சிடாத அட்டையை இம்மாவட்டத்தில் வழங்கலாகாது என்பது மற்றொன்று. கேட்குமிடமும் உண்டு. 2014-ஆம் ஆண்டுத் தெருவணிகர் சட்டப்படி ஊர்தோறும் அமையவேண்டிய விற்பனைக் குழுவில், உறுப்பினருள் ஐந்தில் இரு பங்கினர்க்குக் குறையாமல் வணிகரே தேர்ந்தெடுத்த வணிகர் இருத்தல் வேண்டும். அவருள் மூன்றிலொரு பங்கினர் பெண்டிர். 2024-இல் மாநகராட்சியாக உயர்ந்த திருவண்ணாமலையில் அக்குழுவின் முன் இக்கோரிக்கையை வைக்கும் உரிமை பூக்காரத் தாய்க்கே உண்டு. அதற்கான விண்ணப்பத்தைத் தமிழில் எழுதித் தர நம் தோழர்கள் ஞாயிறுதோறும் மாலையில் தேரடித் தெருவில் அமர்வார்கள். கட்டணம் இல்லை. வருவோர் தம் அட்டையையும், கடைசியாக வந்த வங்கிச் செய்தியையும், எழுதாத ஏடாயினும் ஓர் ஏட்டையும் கொண்டுவருக.